எச்சில் அனுப்பிய லிஃப்ட் மெக்கானிக்

லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் மாமாவுக்குத்தான், அதாவது அக்காவின் கணவருக்குத்தான், போன் வரும். "வந்துட்டே இருக்கேன், பயப்படாதீங்க" என்பார். பாதி நேரம் அப்போதுதான் சட்டையைத் தேட ஆரம்பித்திருப்பார்.

மாமா வளர்ந்தது ஓர் அநாதை இல்லத்தில். அவருக்கு ஆறு வயதானபோது, கூடவே இருந்த இரண்டு வயதுத் தங்கச்சியை யாரோ தத்தெடுத்துப் போனார்கள். யாரென்று பார்க்க இல்லத்தின் பதிவேடுகளும் மிஞ்சவில்லை, கரையான் தின்றுவிட்டது. எச்சிலை அனுப்பினால் ரத்த சொந்தங்களைக் காட்டும் கம்பெனி ஒன்று இருப்பது ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குத் தெரியவந்தது. "அவளும் எங்கயாவது துப்பியிருப்பா" என்று அதற்கான குழாயை வாங்கிவிட்டார். ஜோடியாகத்தான் விற்றார்கள், அதனால் அக்காவும் துப்பவேண்டியதாயிற்று.

குழாயில் கோடுவரை நிரப்ப வேண்டும். மாமாவுக்கு வாய் உலர்ந்துபோயிற்று.

"உங்க மேனேஜர நெனச்சுக்கோங்க, தானா துப்ப வரும்" என்றாள் அக்கா.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. ஆங்கிலம் என்பதால் நான்தான் வாசித்தேன். பூர்வீகத்தைக் காட்டும் வரைபடத்தில் எங்கோ இருக்கும் சின்னச் சின்ன நாடுகளுக்கெல்லாம் மாவட்டத்துக்கொரு நிறம். எங்கள் பக்கம் முழுக்க ஒரே மஞ்சள். மாமா நூறு சதவீதம் மஞ்சள். அக்காவும் நூறு சதவீதம் மஞ்சள்.

"அப்போ நான் உங்களுக்குத் தங்கச்சியா?" என்று சிரித்த அக்கா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமா அதைக் கவனிக்கவே இல்லை. "சொந்தக்காரங்க இருக்கிற பக்கத்தக் காட்டுடா."

ஒரே ஒருவர். அதுவும் ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தைய உறவாக இருக்கலாமாம். கீழே, 'உங்கள் பகுதியிலிருந்து மிகச் சிலரே மாதிரி அளித்துள்ளனர். எண்ணிக்கை கூடும்போது தெரிவிப்போம்.'

"இன்னும் எத்தன பேரு வேணுமாம்? கேளு."

கேட்டு எழுதினேன். அடுத்த நொடியே இயந்திரம் பதில் போட்டது: பொறுமைக்கு நன்றி.

மாமா பொறுமையாக இல்லை. லிஃப்டிலிருந்து மீட்டவர்களையெல்லாம் பிடித்துக் கேட்டார். "நீங்க எச்சில் குடுத்திருக்கீங்களா? குடுங்கம்மா, நம்ம ஆளுங்களே கம்மியா இருக்காங்க." ஒரு பெண்மணி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கி ஓடினார். புகார் போயிற்று. மேனேஜர் கூப்பிட்டுத் திட்டிய பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்.

இப்போது தினமும் காலையில் பல்கூடத் துலக்காமல் அந்தச் சொந்தக்காரர் பட்டியலைத் திறக்கிறார். இன்றும் திறந்தார். அதே ஒருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நான்காவது மாடியில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டே இருக்கேன், பயப்படாதீங்க."

சொன்னார். பட்டியலை விட்டுச் சட்டையைத் தேட எழுந்திருக்கவில்லை.