பற்பொடி பட்ட வெள்ளி

வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு, மூச்சுக்காற்று படாமல் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, சிட்டிபாபு நாணயத்தின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிறார். ஞாயிறுதோறும் இது நடக்கும். மற்ற ஆறு நாளும் பெரிய காஞ்சிபுரத்தில் பழைய ஃபிரிட்ஜ்களின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பழுது பார்ப்பவர். “கம்ப்ரசரை வெறுங்கையில தூக்குவேன்பா. இதுக்கு மட்டும் ஆபரேசன் பண்ற டாக்டர் வேசம்” என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

அவரிடம் இருப்பவை ஒன்பது. சேகரிப்பவர்களுக்கென்றே அரசு நாணயச்சாலை கண்ணாடிபோல் பளபளக்க அடித்து விற்கிற வெள்ளி நாணயங்கள். “நூறு ரூபான்னு போட்டிருக்குது. குடுத்துப் பாரு, டீக்கடைக்காரன் தொரத்திக்கினு வருவான்.” மனைவி வடிவு பட்டுக்கடையில் நாள் முழுக்கச் சேலை பிரித்துக் காட்டுகிறவள். பன்னிரண்டு வருடமாக அவளுக்கும் பிளாஸ்டிக் உறைக்கு வெளியிலிருந்துதான் தரிசனம்.

போன மாதம் ஏனாத்தூர்க் கல்லூரி ஒன்றில் நாணயக் கண்காட்சி. முதன்முறையாக அவருக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். முந்தின நாள் காலை, இருப்பதிலேயே மூத்த நாணயத்தில் மிளகளவு கறுப்பைப் பார்த்துவிட்டார். துடைக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், பற்பொடியைத் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். கறுப்பு போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. முகப்பு முழுதும் கீறல்.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “மீதி எட்டு இருக்குதில்ல, அத வையேன்யா” என்றாள் வடிவு.

மறுநாள் எட்டையும் ஓரமாகத் தள்ளி, கீறல் விழுந்ததை நடுவில் வைத்தார். பக்கத்தில் ஓர் அட்டை: ‘பற்பொடியால் தேய்த்தவர்: சிட்டிபாபு. அனுபவம்: பன்னிரண்டு ஆண்டு.’

கூட்டம் அந்த மேசையில்தான் நின்றது. “நல்லா சிரிங்கபா. ஆனா வூட்ல போய்ச் செஞ்சிடாதீங்க” என்று அட்டையை நிமிர்த்தி வைத்தார் சிட்டிபாபு. நரைத்த சேகரிப்பாளர் ஒருவர் காதருகே குனிந்தார். “நானும் ஒண்ணு தேச்சேன் சார். அட்டை எழுதத்தான் தைரியம் வரல.”

மாலையில் வடிவு கடையிலிருந்து நேரே வந்தாள். சிட்டிபாபு உறையைப் பிரித்து, நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். “இனிமே இதுக்கு இன்னா ஆவப்போவுது, புடி.”

அவள் கீறல்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. புரட்டினாள். தேய்க்காத பின்பக்கம் அப்படியே பளபளத்தது. அதை முகத்துக்கு நேரே உயர்த்தி, பஸ் நெரிசலில் நகர்ந்திருந்த பொட்டை எடுத்து நெற்றி நடுவில் ஒட்டிக்கொண்டாள்.