ஐந்தாம் பாட்டுக்கு இரண்டு மார்க்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதலான அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரமில்லை, படிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விருதுநகரில் என் மூத்த மகன் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிது. பேத்தி கல்லூரியிலிருந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பாட்டில் பிரியம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர் இன்டர்நெட்டில் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். சென்னையில் சிலர், துபாயில் சிலர். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. வீட்டில் இருந்தபடி பாடிப் பதிந்து அனுப்புவார்கள். அந்த முறை காதல் பாட்டுப் போட்டி. சிநேகத்துக்காக நடத்துவதுதான், ஆனாலும் நடுவர்கள் மூன்று பேர் உண்டு. இரண்டு பேர் சங்கீதம் கற்றவர்கள். மூன்றாவது, எதுவும் கற்காத ஒரு காதாக இருக்கட்டும் என்று கேட்டார்களாம். பேத்தி என்னைச் சொல்லிவிட்டாள்.

"காதல் பாட்டுக்கா?" என்றேன்.

"ஏன் அப்பத்தா, ஒனக்கு அதெல்லாம் தெரியாதா?"

"தெரியாதுன்னு யாருடி சொன்னா? போடு, கேப்போம்."

பெயர் கிடையாது, எண் மட்டும்தான். காதில் மாட்டும் கருவியைப் பேத்தி என் கொண்டையில் சிக்காமல் மாட்டிவிட்டாள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் நான் விரலைக் காட்டுவேன், அவள் குறித்துக்கொள்வாள். முதல் ஆள் நல்ல குரல்காரர், ஆனால் யாருக்காகப் பாடுகிறார் என்றே தெரியவில்லை. மூன்றாவது ஆள் பாடும்போது அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மனிதர் நிறுத்தவில்லை, இன்னும் குழைந்து பாடினார். அவருக்கு எட்டு விரல் காட்டினேன்.

அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கு அத்த. இருவது வருசமா நான் வைக்கிற கொளம்புக்கு அஞ்சுக்கு மேல போட்டதில்ல நீக. குக்கருக்கு எட்டா?"

"ஒன் கொளம்பு இன்னும் குழையலையே," என்றேன். பேத்தி சிரித்ததில் மேசையே ஆடியது.

ஐந்தாவது ஒரு பெண். முதல் அடியிலேயே காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு குரல். என் கை தானாகவே விரிந்தது. இரண்டாம் அடியில், நீ என் நெஞ்சில் வைத்த தீ இன்னும் எரிகிறது என்று வந்தது. திரும்பத் திரும்ப அதே அடி. நான் விரல்களை மடக்கி இரண்டை மட்டும் காட்டினேன்.

"ரெண்டா? அப்பத்தா, சரியாக் கேட்டியா?"

"கேட்டேன். ரெண்டுதான்."

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டோம். அடுப்பைக் கூட்டு என்போம், விளக்கை அமர்த்து என்போம். காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து வெடி வேலைக்கு ஆள் ஏற்றும் நேரத்தில் வயிறு எரிகிறது என்றுகூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெருச் சண்டையில் எந்தச் சாபமும் விடுவார்கள், அந்த ஒன்றை விடமாட்டார்கள். என் தங்கை தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடி யூனிட்டில் வேலை பார்த்தவள். விரும்பித்தான் கட்டிக்கொண்டாள்; அவனுக்கும் அங்கேதான் வேலை. ஒரே நாளில் இரண்டு பேரும் போனார்கள். அவர்கள் பிள்ளைகள்தான் நான் சொன்ன அந்த இரண்டும். காதலோடு அந்தச் சொல்லைச் சேர்த்து ஒருத்தி இனிமையாகப் பாடினால் என் காதுக்கு ஏறவில்லை. அவ்வளவுதான்.

முடிவு வந்தது. கற்ற நடுவர்கள் இருவரும் அந்தப் பெண்ணை உச்சியில் வைத்திருந்தார்கள். என் இரண்டு மார்க் அவளைக் கீழே இழுத்துவிட்டது. குக்கர்காரர் முதலில் வந்துவிட்டார், அவருக்கே கூச்சமாம். குழுவை நடத்துகிறவர் போனில் கூப்பிட்டார்.

"அம்மா, பன்னெண்டுன்னு போட நெனச்சு ரெண்டு விழுந்திருச்சா?"

"பத்துக்குத்தானங்க மார்க்கு, பன்னெண்டு எங்கிட்டு இருந்து வரும்? நான் போட்டது ரெண்டுதான்."

மறுநாள் அந்தப் பெண் எழுதியிருந்ததைப் பேத்தி வாசித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடியதே இல்லையாம். குடும்பப் பெண்ணுக்கு எதற்கு மைக் என்று மாமியார் சொல்லிவிட்டார். இதில் முதலாவதாக வந்தால் கோயில் திருவிழாவில் பாட அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று கணவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். 'மார்க்கை மாற்றச் சொல்லவில்லை. என் குரலில் என்ன குறை என்று அந்த அம்மா சொன்னால் திருத்திக்கொள்வேன்' என்று முடித்திருந்தாள்.

திருத்திக்கொள்ள அவளிடம் ஒன்றுமில்லை. அதுதான் என்னைக் குடைந்தது. அதற்காக, ஒரு பெண்ணின் கஷ்டத்தைக் கேட்டபின் மார்க்கை ஏற்றினால் அது தீர்ப்பும் ஆகாது, மரியாதையும் ஆகாது. நான் சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லாதவள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வந்தான். சிவகாசியில் அச்சகத்தில் வேலை. தாய் போனபோது அவன் நாலு வயதுப் பிள்ளை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேத்தி வேண்டுமென்றே அந்தப் பாட்டை வீடு முழுக்கக் கேட்கும்படி போட்டுவிட்டாள். நிறுத்தச் சொல்ல எழுந்தேன். அந்த அடி வந்துவிட்டது. அவன் சோற்றைப் பிசைந்தபடியே தலையை ஆட்டினான். பிறகு அவனும் மெல்ல முணுமுணுத்தான்.

"ஒனக்கு ஒண்ணும் செய்யலையா ஐயா?" என்று கேட்டேன்.

"எது பெரியம்மா?" நான் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டியதில் அவனுக்கே புரிந்தது. "அது பாட்டுல எரியுறது. அதுல யாருக்கும் சுடாது. நல்லாத்தான பாடுது அந்தப் புள்ள? மோர் ஊத்துங்க."

மோர் ஊற்றினேன். அந்தச் சொல்லால் எல்லாரையும்விட அதிகம் இழந்தவன் அவன். அவனால் அந்தப் பாட்டைப் பாட்டாகக் கேட்க முடிகிறது, என்னால் முடியவில்லை. முடியாதது குற்றமில்லை. ஆனால் காதல் பாட்டில் பாதி அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. அதைக் கேட்கமுடியாத காது நடுவராக உட்காரக்கூடாது.

குழுக்காரருக்குப் போன் போடச் சொன்னேன். "ஐயா, என் ரெண்டு ரெண்டாவே இருக்கட்டும். ஆனா ஏழு பாட்டுக்கும் நான் போட்டதை மொத்தமா எடுத்துருங்க. நான் நடுவர் இல்ல. மத்த ரெண்டு பேரு போட்டதை மட்டும் வச்சுப் பாருங்க."

அவர் பார்த்தார். அந்தப் பெண் முதலாவதாக வந்தாள். கணவனும் சொன்னபடி தாயிடம் பேசினான். குரலில் குறையில்லை, அந்தச் சொல்தான் என் காதுக்கு ஏறவில்லை என்று பேத்தியை விட்டு அவளுக்கு மட்டும் எழுதச் சொன்னேன். வேண்டுமானால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பாடுகிறேன் என்று அவள் எனக்குச் சொல்லியனுப்பினாள். வேண்டாம், பாட்டில் உள்ளபடியே பாடு என்று பதில் சொன்னேன். திருவிழாவில் பாடிவிட்டாளாம். நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பேன்.

ஏன் விலகினீர்கள் என்று குழுவில் எல்லாரும் கேட்டதால் இதை எழுதினேன். இதோ பேத்தி வந்துவிட்டாள்.

"இந்தா, முதல்ல இருந்து ஒரு தடவ வாசி, கேப்போம். அந்தச் சொல்லு வர்ற எடத்துல தாண்டிப் போயிராத. கொரலையும் கொறைக்காத. எழுதிருக்கபடி வாசி."