பூட்டக்காவின் பொத்தான்

பேருந்துப் பணிமனையில் உதிரிபாக அறைக்கு இருபத்தாறு வருஷமாக அவள்தான் பொறுப்பு. கேட்டவுடன் எதையும் எடுத்துக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. "தேஞ்சதைக் கொண்டுவந்து காட்டு, புதுசு தரேன்" என்பாள். கொண்டுவந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்று அனுப்பிவிடுவாள். மெக்கானிக்குகள் வைத்த பெயர் பூட்டக்கா. அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் அவளுடைய முழங்கால்களே தேய்ந்துபோயின. ஆஸ்பத்திரியில் இரண்டு மூட்டையும் ஒரே நாளில் மாற்றினார்கள். முதுகில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி வலி மருந்துப் பெட்டியோடு இணைத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து வந்த பொத்தானை நர்ஸ் அவள் கையில் கொடுத்தாள்.

"மருந்து கொஞ்சம் கொஞ்சமா தானா இறங்கும்மா. வலி தலைதூக்கும்போதே அழுத்துங்க, கூட ஒரு அளவு இறங்கும். இருபது நிமிஷத்துக்கு ஒண்ணுதான். அதுக்கு மேல நீங்க அழுத்தினாலும் பெட்டி தராது."

பெட்டியின் மேல் அவளுக்கு மரியாதை வந்தது. ஆனால் அழுத்தவில்லை. வலி முழுசாக வரட்டும் என்றிருந்தாள். முழுசாக வந்த பிறகு, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் அவள் காலைப் பிடித்து மடக்கினார். நாற்பது டிகிரியிலேயே அவள் தலையணையைக் கடித்தாள்.

"நாளன்னைக்குக் குழாயை எடுத்துடுவாங்க. அதுக்குள்ள தொண்ணூறு வரணும். இப்ப விட்டா மூட்டு இறுகிடும்மா."

வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இதை யாரும் அவளுக்கு நினைவூட்டவில்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் வாயே திறக்கவில்லை. இல்லறம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

மத்தியானம் அவள் கண்ணயர்ந்து எழுந்தபோது நர்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே, நாலு தடவை அழுத்தியிருக்கீங்க."

"நானா? ஒரு தடவைகூட இல்லையே."

அவள் பார்வை நேரே கணவர் மேல் போய் நின்றது.

"ஏங்க?"

"தூக்கத்துல முனகினே. பார்க்கச் சகிக்கலை."

"என்னைக் கேட்காமலா?"

"உன்கிட்ட கேட்டு யாருக்கு என்ன கிடைச்சிருக்கு?"

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டக்காவின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். "சார், அவங்க கை மட்டும்தான் அதைத் தொடணும். தூங்கறவங்களுக்கு ஏத்தினா மூச்சே மந்தமாயிடும்." கணவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நீங்களும் கேளுங்கம்மா. வலியை முத்தவிட்டுட்டு மருந்தைக் குறை சொல்லக் கூடாது."

"நான் எங்க குறை சொன்னேன்? மிச்சம் பிடிக்கிறேன். அடுத்த ஆளுக்கு உதவுமே."

"அடுத்த ஆளுக்கா? மீந்ததைக் கீழே கொட்டிடுவோம்மா."

"கொட்டிடுவீங்களா?"

"கொட்டித்தான் ஆகணும்."

வலியைவிட இது பெரிய அடி. பொத்தானைக் கையில் எடுத்தாள். பிறகு கட்டைவிரலால் அழுத்தினாள்.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். எழுபத்தைந்து வந்தது. குழாயை எடுக்கவிருந்த அன்று காலை, வலது கால் தொண்ணூற்றிரண்டு, இடது கால் எண்பத்தெட்டு.

"போதும்மா, நல்லா வந்திருக்கு. ரெண்டு டிகிரி தன்னால வரும்."

"தன்னால எதுவும் வராது. இன்னொரு தடவை மடக்குங்க."

மடக்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டாள். தொண்ணூறு.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னாள்: "வீட்டுக்குப் போய் மாடிப்படித் திருப்பத்துல ஒரு நாற்காலி போட்டு வைங்க."

"மூணு மாடிக்கும் ஒண்ணொண்ணா?"

"ரெண்டாவது மாடியில மட்டும்."