ஊசி போர்டும் மூன்று ஞாயிறுகளும்

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் திண்டிவனம்தான். விழுப்புரத்தில் காலை பாசஞ்சர் ஏறி, மயிலம் தாண்டி இறங்கி, மாமனார் வீட்டுக்கு நடப்பேன். இலை போடுவார்கள். என் மனைவி பரிமாறுவாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்பாள். "போதும்" என்பேன். எங்களுக்குள் ஒரு வாரத்துக்கான பேச்சு அவ்வளவுதான். சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன்.

எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, பதினோரு நாள் இருந்து, போய்விட்டது. அதன் பிறகு ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று அவளை அழைத்துப் போனார்கள். ஒரு மாதம் எட்டு மாதமாகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. அனுப்புங்கள் என்று நானும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தேழு வயது, விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. இரண்டு அறை கொண்ட ரயில்வே குவார்ட்டர்ஸ். தூளி கட்டிய கயிறு உத்தரத்தில் அப்படியே தொங்கியது. அவிழ்க்க ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறினேன். முடியாமல் இறங்கிவிட்டேன். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகப் பிடிக்காது.

அதனால்தான் ஊழியர் மன்றத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே எல்லாரும் நாலு நாலு பேராக உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள், சீட்டாடுவார்கள். பின்பக்க அறைச் சுவரில் மட்டும் ஒரு வட்டப் பலகை கேட்பாரற்றுத் தொங்கியது. முன்னே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் விட்டுப்போனது. டார்ட்ஸ் என்று பெயர். நம் ஆட்கள் ஊசி போர்டு என்பார்கள். பித்தளை உடம்பும் இறகு வாலுமாக மூன்று சின்ன அம்புகள். எட்டடி தள்ளி நின்று எறிய வேண்டும். முந்நூற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பு வெளிவளையத்தில் குத்தி, கணக்கு சரியாகப் பூஜ்யமாக வேண்டும். வெளிவளையத்தில் எந்த எண்ணும் இரட்டிப்பு.

இந்த ஆட்டத்துக்குத் துணை வேண்டியதில்லை என்பதே எனக்குப் பிடித்தது. நானே எறிந்து, நானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்து, மறுபடி எறிவேன். ஏழெட்டு மாதத்தில் எந்த எண்ணைப் பார்க்கிறேனோ அதில் அம்பு போய் நின்றது.

அந்தப் பலகைக்கு வேறு ஒருவரும் வருவார். ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர், ஐம்பது வயசுக்கு மேல். டூட்டி இல்லாத நாளில்தான். ஒரு தலையசைப்போடு சரி, நானும் அவரும் மாறி மாறி எறிவோம். அவர் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டது, இவர் மட்டும் ஓய்வு பெறக் காத்திருக்கிறார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அந்த முறை டார்ட்ஸ் போட்டியும் வைத்தார்கள். நாக் அவுட். ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விருத்தாசலம், காட்பாடி ஆட்களையும் சேர்த்துப் பதினாறு பேர். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பெயர் கொடுக்கும்போது திண்டிவனம் ஞாபகம் வந்தது. மூன்று வாரம் வர முடியாது, வேலை இருக்கிறது என்று மாமனாருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பொய்தான். போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

முதல் ஞாயிறு இரண்டு ஆட்டம். முதலில் ஒரு பிட்டர், அடுத்து காட்பாடியிலிருந்து வந்த ரயில் கார்டு. அந்தக் கார்டு நன்றாக ஆடுகிறவர். ஆனால் பின்னால் நாற்பது பேர் நின்று பேசிக்கொண்டிருந்ததில் கை தடுமாறினார். எனக்கு அந்தச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. யாருமில்லாத அறையில் எறிகிற மாதிரியே எறிந்தேன். இரண்டாம் ஞாயிறு, நாலு பேராகக் குறைந்து அரையிறுதி. என் ஆட்டம் மத்தியானத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போயிற்று. அதிலும் ஜெயித்தேன். தோளில் தட்டினார்கள், யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு, மற்ற ஆட்டத்தையும் இருந்து பார்த்துவிட்டு, பொழுது சாயத்தான் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு பாயிண்ட்ஸ்மேன் மனைவி வாசலில் நின்று என்னவோ சொல்ல வந்த மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் ஞாயிறு இறுதி ஆட்டம், அந்த டிரைவரோடு. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஆளுக்கொன்று ஆயிற்று. மூன்றாவதில் அவருக்கு நாற்பது பாக்கி, எனக்கு முப்பத்திரண்டு. அவர் இருபதின் இரட்டிப்பில் ஒன்று குத்தினால் முடிந்தது. மூன்று அம்பும் கம்பிக்கு வெளியே போயின. என் முறை. பதினாறின் இரட்டிப்பைக் குறி வைத்தேன். முதல் அம்பு உள்ளே தள்ளி வெறும் பதினாறில் விழுந்தது. மீதி பதினாறு. எட்டின் இரட்டிப்பு வேண்டும். அடுத்த அம்பு வளையத்துக்கு வெளியே, பலகையின் ஓரத்தில் போய்க் குத்தியது. கடைசி அம்பு எட்டின் வெளிவளையத்தில் நின்றது. கணக்கு பூஜ்யம்.

டிரைவர் வந்து கையைக் குலுக்கினார். கையை விடாமலே தாழ்ந்த குரலில், "எவ்ளோ நாளா நீ பிராக்டீஸ் பண்றே, நான் பாத்துக்கினுதான் இருக்கேன் மேன்" என்றார். "வீட்ல யாரும் இல்லியா?"

"இல்லீங்க."

"எனக்கும்தான். இந்த ரூம்ல யாருக்கு வீடு இருக்கோ, அவன்லாம் முதல் ரவுண்ட்லியே தோத்துட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சாண் உயரக் கோப்பை கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடக்கையில்தான், இதைக் காட்ட ஓர் ஆள் இல்லை என்பது உறைத்தது. பூட்டைத் திறக்கும்போது பாயிண்ட்ஸ்மேன் மனைவி வந்தார்.

"கப்பு குட்த்தாங்களா தம்பி?"

"ஆமாங்கம்மா."

அவர் கோப்பையைப் பார்க்கவில்லை. "ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போச்சி. ஒரு வாரமா மனசு கேக்கல. போன ஞாயித்துக்கெழம உங்க வூட்டம்மா வந்துச்சி."

எனக்குப் புரியவில்லை. "யார் கூட?"

"தனியாத்தான். மயிலம் கோயிலுக்குப் போறேன்னு வூட்ல சொல்லிட்டு ஏறிச்சாம். பதினோரு மணிக்கு வந்து, பூட்டிக் கெடக்கவே, இந்தப் படியிலியே உக்காந்துக்கினு இருந்துச்சி. எங்க வூட்டுக்கு வாம்மான்னேன், வரல. தண்ணி மட்டும் குடிச்சிச்சி. ஆள் அனுப்பிக் கூட்டியாரட்டுமான்னு கேட்டேன். எங்க போயிருக்காருன்னு கேட்டுச்சி. மன்றத்துல போட்டி, உங்க வூட்டுக்காரருதான் ஜெயிச்சிக்கினு இருக்காருன்னு சொன்னேன். அப்போ கூப்புட வேணாம்னிடுச்சி. நாலு மணி வண்டிக்குப் போயிடுச்சி."

மன்றம் எங்கள் வரிசைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. ஓங்கிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் சோடா குடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவள் இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். கோப்பையைப் படியிலேயே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல வெயில் அடிக்கிற படி. பதினோரு மணியிலிருந்து அதில் நிழலே விழாது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் திண்டிவனம் போனேன். திங்கட்கிழமை என்னைக் கண்டதும் மாமனார் பதறி, "என்னா மாப்ள, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றார். சும்மா வந்தேன் என்றேன். அவருக்கு மயிலம் கோயில் கதைதான் தெரியும். அவர் முன்னால் எதையும் கேட்க முடியாது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டைக்கு விலை பேச அவர் மண்டிக்குக் கிளம்பும்வரை காத்திருந்தேன். அவள் கூடத்தில் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"வந்தியாமே."

கை நின்றது. "சொல்ல வேணாம்னேனே அவங்ககிட்ட."

"ஆள் அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேன்."

"தெரியும்." மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். அவள் கோபமாக இருப்பாள், "நான் இங்கே கிடக்கிறேன், நீங்கள் ஆடிக்கொண்டிருந்தீர்கள்" என்பாள் என்று வழியெல்லாம் நினைத்து, அதற்குப் பதிலும் தயார் செய்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"ஜெயிச்சிக்கினு இருக்காருன்னாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் இது வரைக்கும் எதுவும் நல்லதா ஆவல. உங்களுக்காவது ஒண்ணு ஆவுதே, நடுவுல போய் நின்னு கெடுப்பானேன்னுதான்."

நானும் ஒரு கை மல்லாட்டையை அள்ளி உரிக்கத் தொடங்கினேன். அவள் தடுக்கவில்லை. "பருப்பு ஒடையாம உரிங்க, வெதைக்கு" என்றாள். மாமனார் திரும்பி வரும்வரை ஒரு முறம் உரித்திருப்போம். என் கூட வா என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை. ஆனால் தூளிக் கயிறு இன்னும் அப்படியே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "அது இருக்கட்டும், நான் வந்து அவுத்துக்கிறேன்" என்றாள்.

மாசி மாதம் வந்தாள். கதவைத் திறந்ததும் பெட்டியைக்கூட வைக்காமல் மேலே பார்த்தாள். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன், அவள் அவிழ்த்தாள். அந்தக் கயிறு பிறகு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

டிரைவர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். சொல்லிக்கொண்டு போக வந்தபோது நான் டூட்டியில் இல்லையாம். அடுத்த ஆண்டு விழாவில் டார்ட்ஸுக்கு மூன்று பேர்தான் பெயர் கொடுத்தார்கள் என்று போட்டியை விட்டுவிட்டார்கள். அந்த மூவரில் நான் இல்லை.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தோம். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தோம். நடுவில் மூன்று நான்கு தடவை அவளிடம் கேட்டிருக்கிறேன்: அன்றைக்கு அவ்வளவு தூரம் தனியாக வந்தாயே, என்ன சொல்ல வந்தாய்? "மறந்தே போச்சி" என்பாள். ஒரு தடவை மட்டும் யோசித்துவிட்டு, "அது அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டியது, இப்ப எதுக்கு" என்றாள்.