வெறுங்கதிரைகள் ஏறிய மலை

கொழும்புக் கோட்டையில், துறைமுகத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும் ஆறு மாடிக் கட்டடமொன்றில் முப்பத்தேழு ஆண்டுகள் மின்தூக்கி இயக்குநராக இருந்தவர் நாகேந்திரம். கொட்டாஞ்சேனையிலிருந்து காலையில் நடந்தே வருவார். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, மடக்குக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவார். அதன்பின் மாலைவரை ஏற்றமும் இறக்கமுந்தான். கப்பற் கம்பனி முகாமையாளரும், தேநீர்த் தட்டேந்திய பெண்களும், வழக்குக் கட்டுகளைச் சுமந்த எழுதுநரும் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று உயர்ந்தார்கள். அந்தப் பெட்டிக்குச் சாளரம் கிடையாது. ஆறாம் மாடியில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்களெல்லாம் தெரியும் என்று பிறர் சொல்லக் கேட்டிருந்தார். கதவு திறந்தபோது அவர் கண்டதோ, ஒரு சுவரையும் ஒரு தீயணைப்பு வாளியையும் மாத்திரமே.

ஓய்வுபெற்ற பின்னர், இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு மாசியில், மகள் தாரிகாவின் பிள்ளைப்பேற்றுக்காக அவர் பிரான்சுக்குப் போனார். பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்த மனைவி ஜெயராணிக்கு விசா மறுக்கப்பட்டது. ஒன்றுந் தெரியாத இவருக்குக் கிடைத்தது. மூன்று மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. பங்குனியில் பெருந்தொற்று வந்து கட்டுநாயக்க விமான நிலையத்தை மூடிவிட்டது. பேரன் பிறந்தான், குப்புற விழுந்தான், தவழ்ந்தான். தாத்தா அங்கேயே இருந்தார்.

பிரான்சுக்குப் போகும் நம்மவர் பெரும்பாலும் பாரிசோடு நின்றுவிடுவார்கள். மருமகன் லவனோ, உணவகமொன்றில் சமைப்பதற்காக அல்ப்ஸ் மலைக்கு வந்து, நானூறு பேர் மட்டுமே வாழும் ஒரு பனிச்சறுக்கு ஊரிலே தங்கிவிட்டவர். சறுக்க வருவோரை மலையுச்சிக்குக் கொண்டு செல்வதற்கு அங்கே கம்பி வடத்தில் தொங்கும், இருவர் அமரக்கூடிய கதிரைகள் உண்டு. சமையலை விட்டுவிட்ட லவனுக்கு இப்போது அந்தக் கதிரைகளை இயக்குமிடத்தில்தான் வேலை.

மார்கழியில் பனி கொட்டியது. கூரைகள் மறைந்தன, வேலிகள் மறைந்தன. ஆனால் அவ்வாண்டு கதிரைகளில் எவரையும் ஏற்றக்கூடாதென்று அரசாங்கம் கட்டளையிட்டிருந்தது. விடுதிகளின் சாளரங்கள் அடைபட்டிருந்தன. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. மலை முழுவதும் வெள்ளை விரித்து ஆயத்தமாகக் காத்திருக்க, விருந்துக்கு ஒருவரும் வரவில்லை.

நாகேந்திரம் ஒவ்வொரு காலையும் சாளரத்தருகே நின்று, அசையாமல் தொங்கிய அந்தக் கதிரைகளைப் பார்ப்பார். பிரெஞ்சு மொழியில் வணக்கத்துக்கு மேல் அவருக்கு வராது. வடமும் சுழலும் சில்லும் பேசும் மொழி நன்றாகத் தெரியும். சுவரில்லாத, கூரையில்லாத மின்தூக்கி! அதிலே ஒரேயொரு முறை ஏறவேண்டும் என்பது அவருடைய ஆசையாயிற்று. இதற்கிடையில் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது: நாடு திரும்பச் சிறப்பு விமானத்தில் வரும் செவ்வாய்க்கிழமை இடம் உண்டு. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போகும் போலிருந்தது.

ஜெயராணியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் இரங்கவில்லை.

“இங்கை ஒழுங்கை முனையிலை பொலிஸ் நிண்டு, பாண் வாங்கக் கடைக்குப் போகவும் விடுறாங்கள் இல்லை. நீங்கள் அங்கை ஆகாயத்திலை கதிரை தேடுறியளோ?”

லவன் ஒரு வழி கண்டுபிடித்தார். வடத்திலும் அதைக் கவ்வும் பிடிகளிலும் பனி இறுகிவிடாமல் இருக்கச் சனிக்கிழமைதோறும் வெறுங்கதிரைகளை ஓடவிட்டுப் பரிசோதிப்பார்கள்.

“அப்ப ஏறி இருங்கோ, மாமா. ஒரு சுத்துத்தானே. ஆர் காணப் போயினம்?”

“மேலை ஒருத்தர் சில்லுக்குள்ளை கை வைச்சுக்கொண்டு நிப்பார். கீழை ஆள் ஏறினது அவருக்குத் தெரியாது,” என்றார் நாகேந்திரம். “செக்கிங் நாளிலை பிரயாணி ஏறக்கூடாது, தம்பி. நான் ஒருநாளும் ஏத்தினதில்லை.”

சொன்னாரே தவிர, அன்று முழுவதும் சாளரத்தை விட்டு அவர் நகரவில்லை என்று தாரிகா கணவரிடம் முறைப்பட்டார்.

சனிக்கிழமை காலையில், பரிசோதனையே நடக்காது என்று செய்தி வந்தது. அதற்கு மூவர் வேண்டும். உச்சியில் தலைமைப் பொறியாளர், நடுத்தூணில் லவன், அடிவாரத்தில், நிறுத்தும் பொத்தானருகே மூன்றாமவர். அந்த மூன்றாமவருடைய பிள்ளையின் வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்பதால், அவரும் வீட்டுக்குள் இருக்க வேண்டியதாயிற்று. லவன் தயங்கித் தயங்கித் தம் மாமனாரைப் பற்றித் தலைமைப் பொறியாளரிடம் சொன்னார்.

தலைமைப் பொறியாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவருடைய பிரெஞ்சுப் பெயர் நாவில் புரளாததால் நாகேந்திரம் அவரை மாக்ரெட் என்றே அழைத்தார்; கொட்டாஞ்சேனையில் மூன்று வீட்டுக்கு ஒரு மாக்ரெட் உண்டல்லவா? முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த சாம்பல்நிறக் கண்களால், வந்து நின்ற நாகேந்திரத்தை ஏறவிறங்கப் பார்த்துவிட்டு, அந்த அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். லவன் மொழிபெயர்த்தார்: அறியாத சத்தமொன்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

“முதல் நிப்பாட்டுவன். பிறகுதான் என்னெண்டு கேப்பன்.”

மாக்ரெட் தலையசைத்து, செம்மஞ்சள்நிற மேற்சட்டையொன்றை எடுத்து நீட்டினார்.

நாகேந்திரம் ஓடவிடும் பொத்தானை அழுத்தியதும் பெருஞ்சில்லு முனகியது. முதற் கதிரை தன்மேற் கிடந்த பனியை உதறிக்கொண்டு கிளம்பியது; பின் இரண்டாவது; பின் மூன்றாவது. ஆளில்லாக் கதிரைகள், எவரோ வரிசையாக அமர்ந்து போவது போலத் தேவதாரு மரங்களுக்கு மேலாக ஏறி, வெண்முகிலுக்குள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாகேந்திரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருப்பினும் கை சிவப்புப் பொத்தானை விட்டு அகலவில்லை. பத்தாம் நிமிடத்தில் ‘தடார்’ என்றொரு சத்தம். அழுத்திவிட்டார். மலை முழுவதும் நின்றது.

வோக்கிடோக்கியில் மாக்ரெட்டின் குரல் வந்தது. நடுத்தூணிலிருந்து லவனும் பேசினார். ஒரு கதிரையிலிருந்து பனிக்கட்டியொன்று தகரக் கூரையில் விழுந்திருக்கிறது; வேறொன்றுமில்லை. நாகேந்திரம் கூசிப்போனார். இந்த வயதில் பனி விழுந்ததற்கு வேலையை நிறுத்தினேனே என்று நினைத்தார். மாக்ரெட்டோ, ‘நல்லது, மீண்டும் ஓடவிடுங்கள்’ என்று மட்டும் சொன்னாராம்.

மூன்று மணிக்கு மாக்ரெட்டும் லவனும் கீழே வந்தார்கள். ஏட்டில் கையொப்பமிட்ட மாக்ரெட், நாகேந்திரத்தையும் லவனையும் காட்டி, நகர்ந்து வரும் கதிரையைக் காட்டினார். இனி மேலே எவரும் இல்லை, பரிசோதனை முடிந்தது.

நாகேந்திரம் அசையவில்லை.

“பிரயாணியள் ஏறக்கூடாதெண்டு கவுண்மேந்து சொல்லியிருக்கெல்லே? கேளுங்கோ, தம்பி.”

லவன் கேட்டார். மாக்ரெட் நாகேந்திரத்திடம் வந்து, அவர் அணிந்திருந்த மேற்சட்டையின் நெஞ்சில் பொறித்திருந்த நிலையத்தின் பெயரை விரலால் தட்டினார். லவன் சிரித்தார்.

“இதைப் போட்டவை பிரயாணியள் இல்லையாம், மாமா. வேலையாக்களாம். அடிவாரத்திலை நிண்டவர் ஒருக்கா மேலை போய்ப் பாக்கத்தான் வேணுமாம்.”

கதிரை முழங்காலுக்குப் பின்னே வந்து தொட்டது; அமர்ந்தார்; நிலம் கீழே நழுவியது. பழக்கதோஷத்தால் மாடிகளை எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு. இருபதுக்குப் பின் எண்ணத் தோன்றவில்லை. கால்களின் கீழே, பனிமேல் நரியொன்று நடந்துபோன தடம் தையலிட்டது போலக் கிடந்தது. சில்லுகளின் ஓசையும் அடங்கியது. முகில் வந்து மூடியது, கன்னம் நனைந்தது. பின்னர் சடுதியாக முகில் கீழே போய்விட்டது.

மலைகள். ஒன்றன்பின் ஒன்றாக, நீலமும் வெள்ளையுமாக, கண்ணுக்கு எட்டியமட்டும் மலைகள். ஒரு மனிதரும் இல்லை. எவரும் பார்க்க வராத அந்த ஆண்டிலும், மாலை வெயில் ஒரு கொடுமுடியையும் விடாமல் பொன் பூசிக்கொண்டிருந்தது. நாகேந்திரத்தின் கைகள் தாமாகவே குவிந்தன.

லவன் கையுறையைக் கழற்றித் தொலைபேசியை எடுத்து, மாமிக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கவோ என்று கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்கோ, தம்பி.”

அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. துடைக்கவில்லை. துடைக்கும் நேரத்துக்குப் பார்க்க முடியாமற் போய்விடுமே.