உடம்பு காட்டாத ஆள்

சிட்னியில் லிட்கம் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் மாக்கிறேட்டின் வீடு, அந்தப் பக்கம் ரூக்வுட் சவக்காலை. "செத்த சனத்துக்குப் பக்கத்தில இருக்கிறதும் ஒரு வசதிதான், பார்ட்டி வைச்சுச் சத்தம் போடாதுகள்" என்று அவள் புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் பகிடி விடுவார். மாக்கிறேட் சிரிக்க மாட்டாள். பொழுது பட்டதும் வாசல் லைட்டைப் போடுவாள், விடியும்வரை நிற்பாட்ட விடமாட்டாள். யாருக்காக என்று அவரும் கேட்பதில்லை.

அறுபதை எட்டிப் பிடிக்கும் பெண்பிள்ளை அவள். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. சனிக்கிழமைகளில் மற்றப் பெண்கள் மரக்கறிக் கடைக்குப் போக, இவள் பழைய சாமான் கடைகளில் குனிந்து நின்று பெட்டி பெட்டியாகக் கிளறுவாள். தேடுவது என்ன தெரியுமா? இங்கிலீஷ்காரருடைய யுத்தக் கொமிக்ஸ். உள்ளங்கையளவு புத்தகம், கறுப்பு வெள்ளைப் படம், அட்டையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் ஒரு சிப்பாய். கடைக்காரி கேட்டால் பேரனுக்கு என்பாள். பேரனாவது பூட்டனாவது, அவளுக்குப் பிள்ளைகளே இல்லை!

இந்தப் பைத்தியத்தை அவளுக்குத் தந்தவன் தம்பி எறிக். மன்னாரில் அவன் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போன அலுமாரி நிறைய இந்தப் புத்தகங்கள் இருந்தன. எறிக் அவற்றைக் கொண்டுவந்து குசினி வாசலில் குந்தி வாசிப்பான். அக்கா மீன் வெட்டிக்கொண்டே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கோபம் வந்துவிடும்.

"அக்கா, இவன் அடுத்த பக்கத்தில முடிஞ்சான், பார்."

"உனக்கு எப்பிடியடா தெரியும்?"

"போட்டோ காட்டிறான். கலியாணம் பேசின பெட்டையின்ர போட்டோ. போட்டோ காட்டினவன் தப்பவே மாட்டான்."

அவன் சொன்னபடியே அடுத்த பக்கத்தில் குண்டு விழும். இப்படி எல்லா ஆட்களையும் அவன் பிரித்து வைத்திருந்தான். வாய் ஓயாமல் ஏசும் சார்ஜன்ட் உள்ளுக்குள் தங்கம். பயந்து ஓடினவன் கடைசிக்கு முதல் பக்கத்தில் துணிந்து நின்று எல்லாரையும் காப்பாற்றிச் சாவான். பள்ளிக்கூடத்தால் நேரே வந்த சின்ன ஒபிசர் தொடக்கத்தில் எல்லாவற்றையும் பிழையாகச் செய்வான், முடிவில் அந்தச் சார்ஜன்டே அவனுக்குச் சலூட் அடிப்பான். எதிரிகளுக்குப் பெயரும் கிடையாது, முகமும் கிடையாது; ஒரு அலறல், அவ்வளவுதான். எல்லாவற்றிலும் எறிக்குக்குப் பிடித்த சட்டம் ஒன்று இருந்தது.

"உடம்பைக் காட்டாத ஆள் சாகேல்லை, அக்கா. புகைக்குள்ள காணாமப் போவான், எல்லாரும் தொப்பியைக் கழட்டி அழுவினம். கடைசிப் பக்கத்தில கையில கட்டோட நடந்து வருவான். இருந்து பார்."

தொண்ணூறில், சண்டைக் காலத்தில், ஒருநாள் காலை ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். பொடியளை வரிசையில் விட்டார்கள். எறிக்குக்கு அப்போது பத்தொன்பது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டு லொறியைக் காட்டினான். வேலிக்குள் நின்ற மாக்கிறேட் கண்டது தம்பியின் முதுகை மட்டும்தான். லொறி கிளப்பிய புழுதியில் அதுவும் மறைந்தது. ஆமிக் காம்பு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள். உயிரோடும் காட்டவில்லை, உடம்பையும் காட்டவில்லை.

அந்தச் சட்டத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். கப்பலேறினாள், பிளேனேறினாள், கலியாணம் கட்டினாள், சிட்னிக்கு வந்தாள். சட்டமும் கூடவே வந்தது. ஒவ்வொரு கொமிக்ஸிலும் புகைக்குள் மறைந்தவனைத் தேடிப் பிடிப்பாள். கடைசிப் பக்கத்தில் அவன் வந்துவிட்டால் அன்றிரவு நித்திரை கொள்வாள். வராத புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுவாள், எங்கோ ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப்போல. சில நேரம் கட்டத்தின் மூலையில் முதுகு காட்டி நிற்கும் ஒருவன் இப்போதே திரும்பிவிடுவான் போலிருக்கும். உடனே புத்தகத்தை மூடிவிடுவாள்.

நவம்பர் வந்தால் வீட்டில் சண்டைதான். சகல ஆத்துமாக்கள் திருநாளில் தமிழ்ச் சனம் ரூக்வுட்டில் கூடும், சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிப்பார். ஊரில் புதைத்தவர்களுக்கும், புதைக்கக் கிடைக்காதவர்களுக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஒருமுறை ஸ்ரனிஸ்லாஸ் அவளுக்குச் சொல்லாமல் எறிக்கின் பெயரையும் செத்தவர்களோடு சேர்த்துச் சாமியாரிடம் கொடுத்துவிட்டார். பூசையில் அந்தப் பெயரை வாசித்ததுதான் தாமதம், மாக்கிறேட் எழும்பி நடு வழியால் வெளியே போனாள். "உயிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறீங்களோ?" என்று வாசலில் நின்று கத்தினாள். நத்தார்ப் பண்டிகை வரைக்கும் அந்த மனுசனோடு ஒரு கதை பேச்சில்லை. அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொரு வருடமும் ஒரு திரியைக் கூடுதலாகக் கொண்டுபோவார், கொளுத்தாமல் பொக்கற்றிலேயே திருப்பிக் கொண்டுவருவார்.

இந்த வருடம் அவள் வேலை செய்யும் இல்லத்துக்குப் பேர்சி என்றொரு கிழவர் வந்து சேர்ந்தார். தொண்ணூறுக்குக் கிட்ட வயது, கை நடுக்கம், வாய் மட்டும் நடுங்காது. பின்னேரத் தேநீர் கொண்டுபோன மாக்கிறேட்டின் ஏப்ரன் பையில் கொமிக்ஸைக் கண்டதும், "அதை இங்கே தா" என்று பறிக்காத குறையாக வாங்கினார். இளவயதில் லண்டனில் அவர் செய்த வேலையே இந்தப் புத்தகங்களுக்குப் படம் கீறுவதுதானாம். நூற்றுக்கணக்கில் கீறித் தள்ளினாராம், ஒன்றிலும் அவர் பெயர் போடவில்லையாம்.

மாக்கிறேட் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். மாதாவே, இந்தக் கேள்வியைக் கேட்க இப்படி ஒருவர் கிடைப்பார் என்று யார் நினைத்தது! தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். "உடம்பைக் காட்டாவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?"

பேர்சி சிரித்தார். "உடம்பைக் காட்ட எங்களை விட்டால்தானே? சின்னப் பிள்ளைகள் வாசிக்கிற புத்தகம். பிணம் கீறினால் அந்தப் பக்கத்தைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் புகை போடு, தொப்பி போடு, ஒரு சப்பாத்துப் போடு. அந்தப் புகைக்குக் கீழே இருக்கிற எல்லாரும் செத்தவர்கள்தான்."

"கடைசிப் பக்கத்தில் வருகிறவன்?"

"கதாநாயகன் மட்டும் வருவான். மற்றவர்களுக்கு நாங்கள் முகமே கீறுவதில்லை. நேரம் எங்கே?"

அவள் குசினிக்கு வந்தாள். தண்ணீர் ஊற்றாமலே கேத்திலை அடுப்பில் வைத்தாள். எறிக் கதாநாயகன் என்று யார் சொன்னது? அவள் சொன்னாள், அவ்வளவுதான். லொறியில் ஏற்றியவர்களின் கதையில் அவன் மூலையில் முதுகு காட்டி நின்ற ஒரு பொடியன்.

அடுத்த நாள் பேர்சி பகிடி விடவில்லை. யாரைப் பற்றிக் கேட்டாய் என்றார். அவள் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் ஒரு பென்சிலும், தேநீர்த் தட்டில் விரிக்கும் கடதாசியும் கேட்டார், அவன் முகத்தைக் கீற.

"அவன் நாடி, கீழ்த்தாடை எப்படி இருக்கும்?"

"சதுரமாக..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். சதுர நாடி சார்ஜன்டுடையது. கிழவரும் அவரைப் போன்றவர்களும் கீறிய நாடி. எறிக்கின் நாடி எங்கே? கண்ணை மூடினாள், புகைதான் வந்தது. காத்திருந்த காலமெல்லாம் தம்பியின் முகத்தை அழித்து அழித்து வேறு யாரோ சிப்பாயின் முகத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கிழவரின் கட்டிலருகே இருந்துகொண்டு விக்கி விக்கி அழுதாள்.

பேர்சி பொறுத்திருந்தார். கடைசியில் ஒரு பல் ஞாபகம் வந்தது. சோடாப் போத்தலைக் கடித்துத் திறக்கப்போய் உடைத்துக்கொண்ட முன்பல். பல்லிலிருந்து சொண்டு வந்தது, சொண்டிலிருந்து சின்ன நாடி, ஒட்டிய கன்னம், மீசை என்று அவன் பீற்றிக்கொள்ளும் நாலு மயிர். கிழவரின் கோடுகள் நடுங்கின. ஆனாலும் முகம் நேரே அவளைப் பார்த்தது. புகையில்லை, புழுதியில்லை.

"சின்னப் பிள்ளையல்லவா இது" என்றார் பேர்சி.

ஓம், சின்னப் பிள்ளைதான். பயந்துபோன பிள்ளை. இதே முகத்தோடுதான் அன்றைக்கு அடையாள அட்டையை நீட்டினான். அந்த அட்டையில் அவன் போட்டோ இருந்தது. அவன் சொன்ன சட்டங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அவள் இவ்வளவு காலமும் நினைவில் எடுக்கவே இல்லை.

நவம்பரில் ரூக்வுட்டில் காற்று அடித்தது. சிலுவையடியில் சனம் கையால் மறைத்து மறைத்துத் திரி கொளுத்தியது. ஸ்ரனிஸ்லாஸ் தன் தாய் தகப்பனுக்குக் கொளுத்திவிட்டு நிமிர, மாக்கிறேட் கையை நீட்டினாள்.

"பொக்கற்றில இருக்கிறதைத் தாங்கோ."

அவர் நம்பாமல் பார்த்தார். "என்னப்பா சொல்லுறீர்?"

"அவனும் போட்டோ காட்டினவன்தானே" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. திரியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். அவள் கொளுத்தினாள். இரண்டுதரம் அணைந்தது, இரண்டுதரமும் திரும்பக் கொளுத்தினாள். "எறிக்" என்று வாய்விட்டுச் சொன்னாள், அந்தச் சனத்தின் நடுவில், செத்தவர்களின் பெயர்களோடு.

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் வாசல் லைட்டைப் போட்டாள். இரவு படுக்கப்போகும்போது ஸ்ரனிஸ்லாஸ் சுவிற்சில் கையை வைத்தார்.

"இனி நிப்பாட்டுவமே, மாக்கிறேட்?"

"வேண்டாம், எரியட்டும்" என்றாள் அவள். "உயிரோட வாறதெண்டால் எப்பவோ வந்திருப்பான். இண்டைக்குத்தானே அவனைச் செத்தவன் எண்டு கூப்பிட்டனான். வீட்டுக்கு வாற வழி தெரியாமல் நிக்கப்போறான்."