பிரஷர் மெசினுக்குக் குரல் கொடுத்தவன்

பிரஷர் பார்க்கிறது ஒரு தொழிலென்றால், அதில் எனக்கு ஒரேயொரு வாடிக்கையாளர்: எங்களோடு இருக்கிற அம்மாவின் தம்பி, மாமா. வீட்டில் பிரஷர்காரரை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களே, உங்களைச் சிரிக்க வைக்கத்தான் வந்தனான். ஆனால் சிரிப்பு பிறகு, முதலில் என்னோடு சேர்ந்து கொஞ்சம் பயப்படுங்கோ.

நியமனம்

மாமாவுக்குப் பிறவியிலேயே ஹீமோபீலியா. இரத்தம் கசியத் தொடங்கினால் இலேசில் உறையாது. முழங்காலுக்குள் கசிந்து கசிந்து நடையே சரிந்துவிட்டது. அந்தக் காலோடுதான் ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு கந்தோருக்கு வேலைக்கு ஏறி இறங்குகிறார். இப்போது பிரஷரும் சேர்ந்துகொண்டது. கிளினிக்கில் டொக்டரம்மா மாமாவை விட்டுவிட்டு, ஏ.எல். சோதனை எழுதிவிட்டுச் சும்மா நிற்கிற என்னைப் பார்த்தா. "தம்பி, இவருக்குத் தலைக்குள்ள ஒரு இரத்தக்குழாய் வெடிச்சா நிப்பாட்டிறது பெரிய பாடு. நாளும் பாருங்கோ. மேல் எண் நூற்றெண்பதைத் தாண்டினா யோசிக்காமக் கொண்டு வாங்கோ."

வெள்ளைக்காரி

கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய மெசின் அளந்ததை வாயால் சொல்லும், ஒரு வெள்ளைக்காரியின் குரலில். கைப்பட்டி இறுகும்போது மாமா கண்ணை மூடிக்கொள்வார். இறுகின இடம் பின்னேரம் கண்டிப்போய்க் கிடக்கும், அந்தப் பயம். குச்சவெளி பஸ் கண்டக்டர் முதல் கோயில் பாதர் வரைக்கும் எனக்கு வராத குரலில்லை. ஒரு நாள் அவள் வாய் திறக்க முந்தி நானே அவளாகி, "டூ ஹன்ட்ரட் அன்ட் டென். ப்ளீஸ் கோல் யுவர் வைஃப்" என்றேன். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

"அடேய், எனக்குக் கலியாணமே ஆகேல்லையடா."

நோக்குளிசை

முழங்கால் வீங்கின ஒரு நாள், கந்தோரில் நோவுக்கென்று ஆரோ கொடுத்த நோக்குளிசையை மாமா ஒளித்துக் குடிக்கப் பார்த்தார். அந்தச் சாதிக் குளிசை அவருக்கு இரத்தத்தையும் கசிய வைக்கும், பிரஷரையும் ஏற்றும். குசினிக்குள் நின்று டொக்டரின் குரலில், "ஐயா, அது என்ன குளிசை?" என்றேன். குளிசை நிலத்தில் உருண்டது. மாமா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று கும்பிட்டே விட்டார். பிறகு என்னைக் கண்டார்.

"இனி இந்த வீட்டில கடவுளே வந்து கதைச்சாலும் உனக்குத்தான் ஏச்சு."

வாய் பொத்தினது

போன ஞாயிறு விடியத் தொடக்கம் மாமாவுக்குத் தலையிடி. முதல் நாள் வெயில் என்றார். பட்டியைக் கட்டி மெசினைத் தட்டிவிட்டேன். கண்ணை மூடினார். "ஒன் ஹன்ட்ரட் அன்ட் நைன்ட்டி சிக்ஸ்."

மாமா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "இண்டைக்குக் குரல் அவ்வளவு சரியில்லை."

"மாமா, இது நானில்லை."

"அதுவும் நல்லாத்தான் வருது."

திரையைக் காட்டினேன், கண்ணாடி இல்லை, தெரியவில்லை என்றார். பிறகு என்னைக் கிட்ட இழுத்து, உள்ளங்கையால் என் வாயை இறுக்கிப் பொத்தினார். "இப்பச் சொல்லு பாப்பம்." மெசினைத் திரும்பத் தட்டினேன். பட்டி இறுகியது, மெல்லத் தளர்ந்தது. அவள் தன்பாட்டில் சொன்னாள்: "ஒன் ஹன்ட்ரட் அன்ட் நைன்ட்டி எய்ட்."

என் வாயில் இருந்த கை குளிர்ந்துபோனது.

"ஓட்டோவைக் கூப்பிடு. சத்தம் போடாத, அக்கா பயந்திடுவா."

ஊரில் உள்ள எல்லாக் குரலும் எனக்கு வரும், "இது நானில்லை" என்று நம்ப வைக்கிற என்னுடைய குரலைத் தவிர.